யானை விலை

மீட்டரில் இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம் கிலோமீட்டர்.
ஓட்டுநர் இருக்கையின் பழுப்புத் தோலில்
யாரோ ஒருவரின் இடுப்பளவுக்குப் பள்ளம்.
லூடன்ஷைட், டயர்க்கடையின் பின்முற்றம்,
நவம்பர்த் தூறல்.
விற்கிறவர் பல் வைத்தியர்.
புதுசில் எண்பத்தெட்டாயிரம் கொடுத்தாராம்.
எங்களிடம் கேட்பது ஏழாயிரத்து நானூறு.

"விலை நல்லா விழுந்திருக்கு" என்று
நகுலேசன் என் காதோரம் தமிழில் சொன்னார்.
"விழுந்தது விலை மட்டும்தானோ?" என்றேன்.

எங்கள் சின்னக் காரின் பின்பக்கம்
குழந்தை இருக்கை இரண்டு போட்டால்
நடுவில் மிதுராவுக்கு மிஞ்சுவது ஒன்றரைச் சாண்.
சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள்
ஒருத்தி அழுவாள், ஒருத்தன் கடிப்பான்,
கைக்குழந்தை இரண்டுக்கும் சேர்த்துக் கத்தும்.

கோட்டுப் பைக்குள் என் பட்டியல் இருந்தது.
முதியோர் இல்லத்துச் சமையலறையில்
கூட வேலை செய்கிற குட்ரூன் சொல்லச் சொல்ல
பாண் சுற்றிய தாளில் எழுதியது:
டைமிங் செயின், கியர் ஒயில்,
காற்றில் நிற்கும் சஸ்பென்ஷன்.
கடைசிக்குக் கீழே அவளே
இரட்டைக் கோடு கீறியிருந்தாள்.
ஒவ்வொன்றாய்க் கேட்டேன்.
கியர் மாறும்போது குலுங்குமா?
கொஞ்சம் கூசும், வலிக்காது
என்கிற முகத்தோடு தலையாட்டினார் வைத்தியர்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன்,
இறந்தாலும் ஆயிரம் பொன்.
சரிதான்.
காய்ச்சல் வந்த யானைக்கு எவ்வளவு என்று
ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.

நகுலேசன் இன்ஜினைப் பார்க்கவில்லை.
குனிந்து துருவைத் தேடவில்லை.
பின்கதவைத் திறந்து
கைபிடியின் உட்பக்கம் விரலை விட்டு
கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.
பிறகு கைபேசி வெளிச்சம்.
"பாரும்" என்றார்.

பெருவிரல் நகமளவு கறுப்புப் பிளாஸ்டிக்.
அதன் ஓரத்தில் ஓர் ஒன்பது.

ஒன்பதாம் நம்பர் மெஷின்.
பதினொரு விநாடிக்கு நாலு.
பதினாலு வருஷம் இரவு வேலையில்
பெட்டி பெட்டியாய் நிரப்பி அனுப்பியது.
எங்கே போய்ப் பொருந்துகிறது என்று
நான் ஒருநாளும் கேட்டதில்லை.
"கதவு திறக்கேக்க க்ளக் எண்டு கேக்குதே,
அது இவன்தான்."

"ஏதாவது பழுதோ?" என்றார் வைத்தியர்.
"இல்லை" என்றார் ஜெர்மனில்.
"இது மட்டும் பழுதாகாது" என்றார் தமிழில்.

இறைச்சிக் கடையில் ஐம்பது சதத்துக்கு வாதாடுகிற மனிதர்
அன்று வாயே திறக்கவில்லை.
நான்தான் பேசினேன்.
ஆறாயிரத்துத் தொள்ளாயிரம்,
பனிக்காலத்து டயர் நாலும் சேர்த்து.
நனைந்த பொனட்டின் மேல் காசை எண்ணினோம்.

வீட்டுக்கு ஏறும் மேட்டில் அது மூச்சு வாங்கவில்லை.
பின்னால் இடம் தாராளம்;
பிள்ளைகள் காரணமே இல்லாமல் அடிபட்டார்கள்.
நிறுத்திய பிறகு துவாரகன்
கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி,
க்ளக், க்ளக்.
அப்பா ஏசவில்லை.

விடிய ஆறு மணிக்குத் திரைச்சீலையை விலக்கினால்
வண்டி இடது பின்காலை மடித்து
ரோட்டில் குந்தியிருந்தது.
இரவு முழுக்கக் காற்றுக் கசிந்திருக்கிறது.
எதிர்வீட்டுக்காரர் நாயோடு நின்று பார்த்தார்.
நாயும் பார்த்தது.

நகுலேசன் சப்பாத்தைச் சரியாய்ப் போடாமல் இறங்கிப் போய்
சாவியைத் திருகினார்.
உள்ளே ஏதோ முனகியது.
ஒரு நிமிஷம். ஒன்றரை.
வெளியே வந்து கதவில் கைவைத்து நின்றார்,
"ஆறுதலா, ஆறுதலா" என்று
வாய் அசைந்தது தெரிந்தது.
மெல்ல எழும்பியது.

நான் ஜன்னலைத் திறந்து
பம்ப் என்ன விலை என்று கேட்டேன்.